கொழுந்தின் மேல் போட்ட கரணம்

சாக்கு ஒன்று காற்றில் முழுச் சுற்று சுற்றி விழுவதைப் பார்த்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

எங்கள் லயத்துக்கும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கொழுந்துக் கொட்டகை இருந்தது. பெண்கள் காலையிலிருந்து கிள்ளிய தேயிலைக் கொழுந்தை மத்தியானம் அங்கேதான் நிறுப்பார்கள். நிறுத்ததைச் சிமெண்டுத் தரையில் கொட்டிக் குவித்து வைப்பார்கள். இரண்டரை மணிக்கு லாரி வந்து பாக்டரிக்கு அள்ளிக்கொண்டு போகும். அன்று சுமை தூக்குகிறவர் ஒருவர் அரைச்சுவரின் மேல் ஏறி நின்று, வாய் கட்டிய சாக்கு ஒன்றை உள்ளே வீசினார். அது தலைகுப்புறப் புரண்டது, அடி மேலே வந்தது, மறுபடி நிமிர்ந்தது, குவியலின் நடுவில் போய்ச் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. சாப்பாட்டு மணி அடித்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கை கிடையாது, கால் கிடையாது, கண் கிடையாது. ஒரு சாக்கு இதைச் செய்கிறது. எனக்கு எல்லாம் இருக்கிறதே!

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள், பரவாயில்லை. “பொட்டப்பிள்ளை அந்தரத்தில் கரணம் போட்டாளாக்கும்” என்று மட்டும் உதட்டைப் பிதுக்காதீர்கள். போட்டேன். கேரள மலையில் ஏலப்பாறைக்கு மேலே, உச்சி வேளையிலும் மஞ்சுப் பனி இறங்குகிற ஒரு தேயிலை எஸ்டேட்டில், எழுபதுகளில், பதினோரு வயதில் போட்டேன். சாட்சிக்கு எஸ்டேட் துரையே இருந்தார்.

தரையில் உருளுகிற குட்டிக்கரணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்பிள்ளைகளுக்கு உரியது. வாரம் இரண்டு நாள் டிரில் பீரியடு வரும். அவர்கள் புல்தரையில் வரிசையாகப் போய்த் தலையை ஊன்றிப் புரளுவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் ஓரமாக நின்று கையை நீட்டி மடக்க வேண்டும். “சார், எங்களுக்கு எப்ப சார்?” என்று நான் டிரில் சாரிடம் கேட்டேன். “அடுத்த வருஷம்” என்றார். அதற்கு முந்தைய வருஷமும் அதையேதான் சொல்லியிருந்தார். போகட்டும், புல்தரையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் தரையைத் தொடாமல் சுற்றப் போகிறேன்.

என் பெஞ்சுக்காரியை, அதாவது வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளை, காவலுக்குச் சேர்த்துக்கொண்டேன். நிறுவை முடிந்ததும் சூப்பர்வைசர் சோற்றுக்குப் போய்விடுவார். பெண்கள் அங்கேயே தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடித்துவிட்டுக் தேயிலைக் காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு லாரி வரும்வரை கொட்டகையில் ஈ காக்கை இருக்காது. உத்தரத்தில் பெரிய முகம் வைத்த தராசு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் முள், காற்றுக்குக்கூட லேசாக ஆடும்.

கொழுந்துக் குவியலுக்குள் கையைத் தோள்வரை விட்டிருக்கிறீர்களா? வெளியே விறைக்கிற குளிர். உள்ளே கோழி அடைகாத்த சூடு. மேலே வாசம் வெள்ளரிக்காயை நறுக்கியது மாதிரி இருக்கும். ஆழத்தில் வேறு வாசம், கொய்யா கனிய ஆரம்பிக்கிற மாதிரி. அதில் ஒரு அட்டை, அதாவது ரத்தம் குடிக்கிற அட்டை, எப்படியும் ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

முதல் நாள் அரைச்சுவரிலிருந்து எட்டிக் குதித்து முகம் குப்புற விழுந்தேன். வாயெல்லாம் கொழுந்து.

“கால்” என்றாள் பெஞ்சுக்காரி. அந்த வருஷம்தான் எங்களுக்குப் பின்னம் நடத்தினார்கள். அவள் கணக்கில் கெட்டி. நான் எவ்வளவு சுற்றினேன் என்பதை அவள் பின்னத்தில்தான் சொல்வாள்.

“கால்தானா? நான் நல்லாச் சுத்துனேனே!”

“நீ சுத்தல, கவுந்த. தலைய நெஞ்சோட சேத்து வை பிள்ளே. சேவல் மாதிரி நிமித்திக்கிட்டே போற.”

மூன்றாம் நாள் அரை. முதுகில் விழுந்து மூச்சு அடைத்துப்போய்த் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு வாரத்தில் முக்கால். உட்கார்ந்த வாக்கில் விழுவேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, முழங்காலை வயிற்றோடு இழுத்துக் கட்டிக்கொண்டேன். கூரை, பச்சை, கூரை, பச்சை. கண்ணைத் திறந்தால் முழங்கால்வரை கொழுந்தில் புதைந்து நேராக நின்றுகொண்டிருக்கிறேன்!

பெஞ்சுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பின்னம் எதுவும் சொல்லவில்லை.

“ஒன்னு” என்றாள் கடைசியில், ரொம்ப மெதுவாக.

அதற்குப் பிறகு என்னை யார் பிடிப்பது? திங்கள் முதல் வெள்ளி வரை, சாப்பாட்டு இடைவேளையில் எட்டு, பத்து, பன்னிரண்டு. சனிக்கிழமை நாங்கள் இருவரும் விறகு பொறுக்க மேல்காட்டுக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பு கிடையாது. அந்த இரண்டு நாளும் எனக்குக் கை கால் நமநமவென்றிருக்கும்.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேயும் கரணம் ஒன்று நடந்திருந்தது.

எஸ்டேட்டில் அப்போது இரண்டு தொழிற்சங்கம். பழைய சங்கம், புதுச் சங்கம். அப்பா பாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை, பழைய சங்கத்தின் ஆள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மாவும் அதே சங்கம். தம்பி பிறந்த பிறகு அம்மா சங்கத்தில் ஒன்று கேட்டாள்: பால் கொடுக்கிற பெண்களைப் பத்து மணிக்கு ஒரு தடவை பிள்ளைக் கொட்டகைக்கு விடச் சொல்லி நீங்கள் துரையிடம் பேச வேண்டும். பார்க்கலாம் என்றார்கள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் பார்க்கலாம். மாரில் பால் கட்டிக் காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து போய்ப் புதுச் சங்கத்தில் பெயரை எழுதிவிட்டு வந்தாள்.

லயம் முழுக்க அதுதான் பேச்சு. அடுத்த வீட்டு அத்தை, அவளும் பழைய சங்கம்தான், குழாயடியில் வைத்துச் சொன்னாள்: “நேத்துவரைக்கும் இந்தக் கொடி, இன்னைக்கு அந்தக் கொடி. கரணம் போடுததுக்கும் ஒரு இடுப்பு வேணும்ல!”

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “எனக்கு இருக்கு மதினி, ஒங்களுக்கு இல்லாட்டி நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அப்பாவால் அப்படிச் சொல்லிவிட்டு வர முடியவில்லை. பாக்டரியில் ஆம்பளைகள் அவரைக் கேலி செய்தார்கள். தன்னைத் தலைகுனிய வைக்கத்தான் அவள் போனாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பால் கட்டிய காய்ச்சலை அவர் கண்ணால் பார்த்தவர். இருந்தும் அப்படி நினைத்தார். அம்மாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாவும் விடவில்லை. பத்தடி நீள வீட்டில் இரண்டு பேரும் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

“ஒங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு.”

“ஒங்கம்மாட்ட சொல்லு, எனக்குக் காது கேக்கும்னு.”

“அப்பா, சோறு ஆறுதாம். அம்மா, அப்பாவுக்குக் காது கேக்குமாம்.”

தம்பி மட்டும் இரண்டு சங்கத்துக்கும் பொதுவாக அழுதுகொண்டிருப்பான்.

நான் முழுச் சுற்றுப் போட ஆரம்பித்த அதே நாட்களில்தான் அப்பா ஒரு சாயங்காலம் முகம் வாடி வந்தார். “ஒம்பதாம் நம்பர் காட்டுக் கொழுந்து செவந்து வருது” என்றார், சுவரைப் பார்த்து. ஒன்பதாம் நம்பர் என்றால் அம்மாவின் கும்பல் கிள்ளுகிற காடு. அங்கே கிள்ளியதுதான் எங்கள் கொட்டகையில் குவியும். கொழுந்து பாக்டரிக்கு வரும்போது பச்சையாக வர வேண்டும். கசங்கினால் கசங்கிய இடம் செம்பு நிறமாகிவிடும். அதில் வருகிற தேயிலைக்கு மணம் இருக்காது. கசக்குவது பாக்டரி மிஷினின் வேலை. அதற்கு முன்னால் யாரும் கசக்கக்கூடாது.

அது எஸ்டேட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதையும் என் கரணத்தையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். குவியல் எனக்கு மெத்தை. மெத்தை எப்படிக் கசங்கும்?

சூப்பர்வைசர் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பார்த்தார். கிள்ளிய கொழுந்தை உடனே முதுகுக் கூடையில் போடாமல் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துச் சேர்த்தால் கசங்கும். சாக்கில் காலால் மிதித்து அடைத்தால் கசங்கும். அவருக்குத் தெரிந்த காரணங்கள் இவை இரண்டுதான். கெட்ட மனிதர் இல்லை அவர். தனக்குத் தெரிந்த காரணத்துக்கு ஆள் தேடினார், அவ்வளவுதான். புதுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி அந்தக் கும்பலில் இருந்தாள். வேறு யாரை அவர் பார்ப்பார்?

“வேணும்னே பண்ணுதா. பத்து மணிக்கு விடலைன்னு வீம்புக்குக் கசக்குதா” என்று ஆபீசில் சொன்னார். ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவின் கையில் காகிதம் கொடுத்தார்கள். அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் ஆபீசில் விசாரணை. துரை விசாரிப்பார். குற்றம் உண்மையானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் பேரேட்டில் பெயர் வெட்டு. அம்மா பெயரில் கொடுத்திருந்த வீடும் போகும்.

அம்மா அந்தக் காகிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு பாக்குவெட்டியை எடுத்து நகங்களைச் சதைவரைக்கும் வெட்டினாள். சுடுதண்ணீரில் இரண்டு கையையும் ஊற வைத்தாள். விரல் நுனியில் இருந்த காய்ப்புகளை உரலின் விளிம்பில் தேய்த்தாள். தன் கைதான் தனக்குத் தெரியாமல் முரடாகிவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. கை கழுவுகிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வந்து, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “இன்னைக்குக் கொழுந்து நல்ல பச்சை” என்றார். “போன சனிக்கிழமையும் பச்சை. திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும்தான் செவப்பு. என்ன மாயமோ.”

பள்ளிக்கூடம் உள்ள நாட்கள்.

கையிலிருந்த அவித்த கப்பைக்கிழங்குத் துண்டு அப்படியே நின்றுவிட்டது. கூரை, பச்சை, கூரை, பச்சை. பன்னிரண்டு தடவை. இரண்டு வாரம்.

சொல்ல வாயைத் திறந்தேன். “ஒங்கம்மாட்ட சொல்லு” என்று அப்பா ஆரம்பித்தார், “ஒங்கப்பாட்ட சொல்லு” என்று அம்மா ஆரம்பித்தாள். அவர்கள் சொன்னதைச் சொல்லி முடிப்பதற்குள் என் தைரியம் தீர்ந்துபோயிற்று. இனிமேல் குதிக்காமல் இருந்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கொழுந்து பச்சைப் பசேலென்று பாக்டரிக்குப் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று புதன்கிழமை சாயங்காலம் நான் நொண்டிப் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார். பேசத்தான் இல்லை. என்னிடம்தான் சொன்னார்.

“சூப்பர்வைசர் என்ன சொல்லுதான் தெரியுமா? காகிதம் கொடுத்ததும் மூணு நாளா கொழுந்து பச்சையாயிருச்சாம். பயந்துக்கிட்டு நிறுத்திட்டாளாம். இதைவிட சாட்சி வேணுமான்னு துரைகிட்டயே கேட்டுட்டான்.”

நான் செய்த ரிப்பேர், அம்மாவின் தலையில் வந்து விடிந்திருந்தது.

அம்மா தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “எனக்கு வேற எதும் தெரியாதே” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடவில்லை, ஆபீசுக்கு ஓடினேன். பெஞ்சுக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். “ஏ பிள்ளே, அடிப்பாங்க!” “அடிக்கட்டும்!” “என்னையுமா?” “நீ கணக்குத்தானே சொன்ன!”

ஆபீஸ் வராந்தாவில் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் போய் எத்தனையோ வருஷமாகியும் மானேஜர் என்றால் எங்களுக்குத் துரைதான். இவர் கோட்டயம் பக்கத்து மலையாளி. பேசினால் பாதித் தமிழ், பாதி மலையாளம். பக்கத்தில் சூப்பர்வைசர். கீழே மண்தரையில் அம்மா, தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு சங்கத்துப் பெண்களும் தனித்தனிக் கும்பலாக நின்றார்கள். பாக்டரியிலிருந்து அப்பாவும் வந்திருந்தார், இரண்டு கும்பலிலும் சேராமல்.

“நான்தான் சார் கசக்குனேன்!” என்று கத்தினேன். மூச்சு வாங்கியது. “கொழுந்து மேல கரணம் போட்டேன். டெய்லி பன்னெண்டு!”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் சூப்பர்வைசர் சிரித்தார். “பாத்தீங்களா சார், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காங்க. புதுச் சங்கத்து வேலை.”

“யாரும் சொல்லித் தரல. சுவத்து மேல ஏறி அந்தரத்துல சுத்தி விழுவேன்.”

“பாவாடை கட்டுன பிள்ளை அந்தரத்துல சுத்துமா? ஏட்டி, நீ இங்க குட்டிக்கரணமே போட்டாலும் நான் நம்ப மாட்டேன்.”

“நம்பாட்டா வந்து பாருங்க!”

அம்மா இரண்டே எட்டில் வந்து என் தொடையில் கிள்ளினாள். தேயிலை கிள்ளுகிற விரல், கேட்கவா வேண்டும். “என்னட்டி உளறுத? எனக்காண்டி பொய் சொல்லுதியா?”

“பொய் இல்லம்மா” என்றேன். அழுகை வந்துவிட்டது. “சனிக்கிழமை விறகுக்குப் போயிருவேன்லா. அதான் சனிக்கிழமை பச்சை. இந்த வாரம் நான் குதிக்கல. அதான் பச்சை.”

அப்பா தலையை நிமிர்த்தினார். அவர்தானே அந்த நாட்கணக்கைச் சொன்னவர். “சார்” என்றார் துரையிடம், “பிள்ள சொல்லுத நாள் கணக்கு சரிதான் சார். வாட்டு மாடில பாத்தவன் நான்.”

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். முழங்கை தேய்ந்த, மூக்கு ஒழுகுகிற, பென்சில் மாதிரி இருந்த ஒரு பெண். “ஈ குட்டியா?” என்றார், இந்தச் சின்னப் பெண்ணா என்கிற மாதிரி. “ஷரி. சாடட்டே. காணாம்.” குதிக்கட்டும், பார்ப்போம் என்கிறார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

ஊரே பின்னால் நடந்தது. அன்றைய நிறுவை அப்போதுதான் முடிந்திருந்தது. புதிய குவியல், என் இடுப்பு உயரம். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஆம்பளைகள் அரைச்சுவருக்கு வெளியே. இத்தனை நாள் ஆள் இல்லாத இடத்தில் குதித்தவளுக்கு, இப்போது பாவாடை என்று ஒன்று இருப்பதே அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. நான் தயங்கியதை அம்மா பார்த்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை, கொழுந்துச் செடி கிழிக்காமலிருக்கப் பெண்கள் சுற்றிக் கட்டுகிற கனத்த சாக்குத் துணியை, அவிழ்த்தாள். என்னைத் தன் பக்கம் திருப்பிப் பாவாடையை வாரி இரண்டு காலுக்கும் இடையே செருகி, அதன் மேல் படங்கைச் சுற்றி, கயிற்றை மூச்சு முட்ட இழுத்துக் கட்டினாள்.

“நெசமாவே போடுவியாட்டி?” என்று காதில் கேட்டாள்.

“போடுவேன்.”

“போடாட்டி ரெண்டு பேரும் கெட்டோம்.”

சுவரில் ஏறினேன். எகிறினேன், தலையை நெஞ்சோடு சேர்க்க மறந்தேன். தொப்பென்று முதுகில் விழுந்தேன்.

“அரை” என்றாள் பெஞ்சுக்காரி, பழக்க தோஷம்.

சூப்பர்வைசர் கையைத் தட்டிக்கொண்டு, “முடிஞ்சுதா? பொதுமக்களே, காட்டுக்குப் போங்க” என்றார். யாரோ சிரித்தார்கள். பழைய சங்கத்துப் பெண்கள் பக்கத்திலிருந்துதான்; எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, தலையிலிருந்த கொழுந்தை உதறிவிட்டு, மறுபடி சுவரில் ஏறினேன். படங்கு கனக்கிறது, அதனால் இன்னும் உயரமாக எகிற வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எதிரே பார்த்தால் துரையின் தொப்பி, அதற்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு முழுக்க ஒன்பதாம் நம்பர் காடு. எகிறினேன்.

கூரை. பச்சை. கூரை.

பச்சையில் இரண்டு காலும் ஊன்றி நின்றேன். கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போயிற்று.

முதலில் அடுத்த வீட்டு அத்தையின் குரல்தான் கேட்டது: “அடியாத்தி! தாயி சங்கத்துல கரணம், மக கொழுந்துல கரணம். என்ன வம்சமோ இது!” பெண்கள் இரண்டு கும்பலும் ஒரே நேரத்தில் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாகூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. “சுத்துனா சரி. அதுல கொழுந்து செவக்கும்னு யார் சொன்னா?” நியாயமான கேள்வி. துரை இன்னும் பத்துத் தடவை என்னைக் குதிக்கச் சொன்னார்! வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு அது. பத்தும் போட்டேன். பிறகு என் காலடியில் நசுங்கிய கொழுந்தை ஒரு கூடையிலும், குவியலின் தொடாத ஓரத்திலிருந்து எடுத்ததை இன்னொரு கூடையிலும் போட்டு, இரண்டையும் சுவரின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். துரைக்கு ஆபீசிலிருந்து தேநீர் வந்தது. எல்லோரும் காத்திருந்தோம்.

ஒரு எஸ்டேட்டே வேலையைப் போட்டுவிட்டு, கொழுந்து கெட்டுப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்ற மத்தியானம் அது ஒன்றுதான். நான் என் கூடையைக் கண் இமைக்காமல் பார்த்தேன். செவந்துரு, செவந்துரு என்று மனசுக்குள் கும்பிட்டேன். மஞ்சு இறங்கி வந்து கூடைகளைப் பாதி மறைத்தது, விலகியது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. நானும் பெஞ்சுக்காரியும் அசையவில்லை. அப்பாதான் முதலில் மோப்பம் பிடித்தார். கூடைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, ஒரு கொழுந்தை எடுத்து முகர்ந்து, துரையிடம் நீட்டினார். காம்பு ஓரத்திலிருந்து செம்பு நிறம் படர ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் கூடை பச்சையாகவே இருந்தது.

துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பர்வைசரிடம் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். அம்மாவைப் பார்த்து, “போய்க்கோ. நாளே கொழுந்துக்கு வரணும்” என்றார். என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். “இனி இவிடே சாடியால்...” என்று ஆரம்பித்தார். முடிக்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அவர் முதுகு குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அம்மா புறப்படவில்லை. “சார்” என்று கூப்பிட்டாள். துரை நின்றார். “எங்கையில தப்பில்லன்னு பாத்துட்டீங்க. அப்ப, பத்து மணிக்குப் பால் குடுக்க விடுத விசயம்?”

அவள் குரல் நடுங்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில்தான் கர்வம். என் கரணம்கூட அதற்கு அடுத்ததுதான். புதுச் சங்கத்துப் பெண்கள் நகர்ந்து அவள் பின்னால் வந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என்னவென்றால், அடுத்த வீட்டு அத்தையும் கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். “கேக்குதது நியாயந்தானே சார்” என்றாள். ஆலோசிக்கலாம் என்று துரை சொன்னார். அதற்கு அடுத்த மாதம், பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா பின்னால் வந்தார். திடீரென்று கேட்டார்: “ஒன்னரைச் சுத்து இருக்கும்லா?”

யாரிடம் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “ஒன்னுதான்” என்றாள். “ஒன்னரைன்னா தலைல்லா குத்தியிருக்கும்.”

“எனக்கென்னமோ ஒன்னரை மாதிரி இருந்துச்சு.”

“ஒங்களுக்கு எல்லாம் கூடத்தான் இருக்கும்.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு! அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று நான் பத்தடி முன்னால் ஓடினேன்.

கொட்டகைக்கு மரக்கதவு போட்டுப் பூட்டுத் தொங்கவிட்டார்கள். “கொழுந்துல காலை வச்ச, ஒடிச்சுருவேன்” என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். மூன்று நாள் நான் கை கால் கட்டிப்போட்ட ஆடு மாதிரி வீட்டுக்குள் சுற்றினேன். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எங்கேயோ போனார்கள். திரும்பி வரும்போது இருவர் தலையிலும் பெரிய கட்டுகள். கீழ்ச்சரிவில் புல்தைலம் காய்ச்சுகிற அடுப்பு ஒன்று இருந்தது. தைலம் இறக்கிய பிறகு மிஞ்சுகிற சக்கைப்புல்லை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். லயத்துக்குப் பின்னால் இருந்த பாறைக்கு அடியில் அதைக் கொட்டினார்கள். எலுமிச்சை வாசம் லயம் முழுக்கப் பரவிப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டன. அம்மா புல்லை உதறி உதறிப் பரப்பினாள். ஒரு அட்டை, ஒரு குச்சி விடவில்லை.

“இதுல செவக்க ஒன்னுமில்ல” என்றாள். “போடு.”

பாறையின் மேல் ஏறினேன். கீழே புல், எதிரே பெஞ்சுக்காரி, அத்தை, தம்பியை இடுப்பில் வைத்த அம்மா, அப்பா. முன்பக்கமாகப் போடுவது எனக்கு இப்போது மூக்குச் சிந்துகிற மாதிரி. அதை எல்லோரும் பார்த்தாயிற்று.

திரும்பிப் புல்லுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

“ஏட்டி, அது என்ன?” என்றாள் அம்மா.

“பின்னால போடப் போறேன்.”

“பின்னாலயா? விழுத இடம் தெரியாதே பிள்ளே!” இது பெஞ்சுக்காரி.

“புல்லை இன்னும் தள்ளிப் போடணும்” என்றார் அப்பா.

“தள்ளுனா பாறைல குத்துவா. இங்கனயே கிடக்கட்டும்.”

“நான் சொல்லுதேன், ரெண்டடி தள்ளு.”

“நீங்க வாட்டு மாடிய பாத்துக்கோங்க, எம்பிள்ளை விழுத இடம் எனக்குத் தெரியும்.”

அவர்கள் சத்தமாக, ஆசை ஆசையாகச் சண்டை போட்டுக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் புல்லை இழுத்தார்கள். எனக்கு முன்னால் லயத்துக் கூரையும் வானமும்தான் தெரிந்தன. குதிகால் இரண்டும் பாறை விளிம்புக்கு வெளியே இருந்தன. முழங்காலை மடக்கினேன், கையைத் தூக்கினேன்.

“பாத்துக்கோங்க!” என்றேன்.